மலையகக் கடைகளுக்கு பில்லிங் சிஸ்டம் விற்பவர்களுக்கு: வட்ஸ்அப், பேஸ்புக்கை எப்படிப் பயன்படுத்துவது

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடைக்காரர் பேஸ்புக்கில் விளம்பரத்தைக் கண்டதும் பில்லிங் சிஸ்டம் வாங்கிவிடுவதில்லை. பக்கத்துக் கடையில் பில் அடித்துக் கொடுப்பதைப் பார்க்கிறார். "யாருகிட்ட போட்டீங்க?" என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொள்கிறார். அன்று இரவு கடை சாத்திய பிறகு போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடுகிறார். அப்போது அவர் கண்ணில் என்ன படுகிறதோ, அதைச் சரியாக வைப்பதுதான் உங்கள் சமூக ஊடக வேலை.

அதனால் லைக்கை எண்ணாதீர்கள். இந்த மாதம் எத்தனை பேர் வட்ஸ்அப்பில் வந்து "காட்டுங்க பார்ப்போம்" என்றார்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள். வீட்டிலிருந்தோ டவுனில் ஓர் அறை எடுத்தோ இருவர் மூவராக மென்பொருள் செய்து விற்பவர்கள் அந்த ஒரு செய்தியை வரவைப்பது எப்படி என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறோம்.

முதலில் ஒரே தொழில்

"எல்லாவகை மென்பொருளும் செய்து தரப்படும்" என்று எழுதிய பக்கத்தைப் பார்த்து யாரும் போன் எடுப்பதில்லை. ஒரு தொழிலைத் தேர்ந்து, அந்தத் தொழிலின் தலைவலியை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுங்கள். எல்லவில் தங்கறை நடத்துபவருக்கு, இரண்டு தளங்களிலிருந்து ஒரே அறைக்கு ஒரே இரவில் இரண்டு குடும்பங்கள் வந்து நிற்பதுதான் தலைவலி. சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து எடுப்பவருக்கு கிலோக் கணக்கு, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, கொடுத்த முற்பணம் என்று எல்லாம் மாதக் கடைசியில் ஒன்றாக வந்து விழும்.

இந்தக் கட்டுரையில் பலசரக்குக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அங்கே உயிர்நாடி கடன் கொப்பி. தோட்டச் சம்பளம் பெரும்பாலும் மாதம் 10ஆம் திகதி கிடைக்கிறது. அதற்கு முந்திய இரவுகளில் முதலாளி ஒவ்வொரு பெயராகப் புரட்டிப் புரட்டிக் கூட்டுகிறார். கூட்டல் குறைந்தால் நட்டம் அவருக்கு. கூடினால் மறுநாள் கவுண்டரில் சண்டை. இதை விட்டுவிட்டு "நவீன சரக்கு முகாமைத்துவத் தீர்வு" என்று எழுதினால் அவருக்கு அது யாருக்கோ எழுதியது போலத்தான் இருக்கும். "பில் மெஷின்", "பில்லிங் சிஸ்டம்", "கடன் கணக்கு" என்பவையே அவர் வாயில் வரும் சொற்கள். உங்கள் பக்கத்திலும் அவையே இருக்க வேண்டும்.

கணக்குகளைத் திறப்பது

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலிருந்து தொடங்குங்கள். அது இலவசம். இதற்கென்று ஒரு தனி சிம் எடுங்கள். சொந்த நம்பரில் தொடங்கிவிட்டால், நாளைக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்கும்போது உங்கள் வீட்டுப் பேச்செல்லாம் அவர் கைக்குப் போய்விடும். தனி நம்பர் என்றால் முதன்மைப் போனோடு இன்னும் 4 சாதனங்களை இணைத்துக்கொண்டு இரண்டு பேர் பதில் சொல்லலாம்.

உள்ளே செய்ய வேண்டியவை: கடை நேரமும் ஊரும் நிரப்புவது, பட்டியலில் உங்கள் சிஸ்டத்தை விலையோடு போடுவது, வேலை நேரம் தவிர்ந்த வேளைக்கு ஒரு தானியங்கிப் பதில் எழுதிவைப்பது, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களைச் சேமிப்பது. இப்படி 50 வரை சேமிக்கலாம். லேபல்கள் நான்கு போதும்: புதியவர், காட்டியாயிற்று, விலை கொடுத்தது, வாங்கியவர். 6 இலக்க இரட்டைப் பாதுகாப்பு எண்ணை அன்றே போட்டுவிடுங்கள்.

நம்பரைத் தொடுப்பாகக் கொடுக்கும்போது முன்னாலுள்ள 0 இல்லாமல் 94 என்று தொடங்க வேண்டும். 0 சேர்ந்துவிட்டால் தொடுப்பு வேலை செய்யாது. எத்தனையோ விளம்பரங்களில் இந்தப் பிழை கிடக்கிறது. வெளியிடுமுன் வேறொருவர் போனில் அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது பேஸ்புக் பக்கம். அதற்கு நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும். ஒருவரே இருந்து அவர் கணக்கு முடங்கினால் பக்கமும் அதோடு போய்விடும். பக்கத்தின் பெயர், பிரதேச செயலகத்தில் பதிந்த வணிகப் பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். முற்பணம் அனுப்பப் போகும் கடைக்காரருக்கு அந்த இடத்தில் வேறொருவர் பெயர் வந்தால் கை நின்றுவிடும், அது நியாயமும்கூட. கூகுள் மேப்பிலும் பதிந்துகொள்ளுங்கள். தனிக் கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம்.

இணையத்தளம் முதல் நாளே வேண்டியதில்லை. நம் வாடிக்கையாளர்களில் பலர் சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டா பெக்கேஜை ரீலோட் பண்ணி வைத்திருப்பவர்கள். உங்கள் பதிவு தெரியும். அதிலுள்ள இணையத்தளத் தொடுப்பை அழுத்தினால் திறக்காது, அல்லது மீதிப் பணம் கரையும். விலை, படம், விளக்கம், நம்பர் எல்லாவற்றையும் பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் உள்ளேயே வையுங்கள்.

எழுத்துருவையும் கவனியுங்கள். பாமினியில் தட்டியதை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோட்டில் தட்டுங்கள். போட்டோஷொப்பில் கொம்பும் காலும் பிரிந்து விழுந்தால் எழுத்து அமைப்பில் "வேர்ல்ட் ரெடி லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். கொம்பு உடைந்த தமிழில் விளம்பரம் செய்கிறவர் தமிழ் பில் அடிக்கும் சிஸ்டம் தருவார் என்று யார் நம்புவார்?

ஒரு நல்ல வீடியோ

பத்து வாழ்த்துப் படங்களைவிட ஒரு நல்ல வீடியோ மேல். உங்கள் முயற்சியில் பாதியை இதற்கே கொடுங்கள். நிமிர்த்திய வடிவம், 1080 க்கு 1920, நீளம் 30 முதல் 45 விநாடி.

முதல் 3 விநாடியில் கடன் கொப்பியின் ஒரு பக்கமும் பக்கத்தில் ஒரு கல்குலேட்டரும் தெரியட்டும். குரல்: "பத்தாந் திகதிக்கு முந்தின ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கூட்டிக்கிட்டு இருக்கீங்க?" உடனே கவுண்டர். பெயரைத் தேர்ந்து, 2 கிலோ அரிசி, 250 கிராம் பருப்பு, ஒரு சவர்க்காரம் என்று அடித்து, கடன் பொத்தானை அழுத்துகிறீர்கள். பிரின்டரிலிருந்து பில் வெளியே வருகிறது. அந்த இடத்தில் கெமராவை அசைக்காமல் பில்லை நெருங்கிப் பிடியுங்கள்:

பழைய பாக்கி 6,450
இன்றைய சாமான் 1,180
மொத்தம் 7,630

மூன்று வரியும் தமிழில். இந்த நாலைந்து விநாடிதான் வீடியோவின் நெஞ்சு. இதைப் பார்க்கும் முதலாளி தன் கொப்பியை நினைப்பார். கடைசி 5 விநாடியில் நம்பரைப் பெரிதாகப் போட்டு முடித்துவிடுங்கள். கம்பனிச் சின்னம் சுழல்வது, இசை, "எங்களைப் பற்றி" எதுவும் வேண்டாம்.

தமிழ் பில் எளிதாக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண தெர்மல் பிரின்டரின் உள்ளே தமிழ் எழுத்து இருக்காது. பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 58 மி.மீ. பிரின்டருக்கு அகலம் 384 புள்ளி, 80 மி.மீ. பிரின்டருக்கு 576 புள்ளி. இதைச் செய்து முடித்திருந்தால் அதையே முன்னால் நிறுத்துங்கள். செய்யவில்லை என்றால் விளம்பரத்துக்குச் செலவழிக்குமுன் அதைச் செய்யுங்கள்.

படம்பிடிப்பதில் வழக்கமாகப் பிழை நேர்வது இரண்டு இடம். கணினித் திரையைப் போனால் எடுக்கும்போது கறுப்புப் பட்டைகள் ஓடும். கெமராவின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாததே காரணம். திரைக் காட்சியை ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற இலவசப் பதிவுச் செயலியில் தனியாக எடுத்து நடுவில் ஒட்டிவிடுங்கள். கடையின் எல்.ஈ.டி. விளக்கு மினுங்கினால், நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் 1 என்று வையுங்கள், அனேகமாக அடங்கிவிடும். இரண்டாவது, எழுத்தின் அளவு. உங்கள் திரையில் தெளிவாக இருப்பது போனில் எறும்பாகத் தெரியும். விண்டோஸின் அளவை 150 வீதத்துக்கு உயர்த்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மாதிரித் தரவில் "டெஸ்ட் 1, டெஸ்ட் 2" என்று போடாதீர்கள். பருப்பு, சீனி, கருவாடு, கோதுமை மாவு என்று அன்றைய விலையோடு ஏற்றுங்கள். வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாக "மேல் டிவிசன் 14" போல எழுதுங்கள். உண்மையான கடையின் கணக்கை ஒருபோதும் காட்டக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். சின்ன டவுனில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது வெளியே வந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கடைகளில் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள். ஆகவே பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாகவும் வரட்டும். குரல் தமிழில் இருந்தால் எழுத்தைச் சிங்களத்தில் போட்டு இன்னொரு பிரதி எடுங்கள். பதுளை, பண்டாரவளை, நாவலப்பிட்டி பக்கம் இதில்லாமல் பாதிச் சந்தையை இழப்பீர்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாமல் சிங்களம் பேசி வளர்ந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஒரே பதிவில் மேலே தமிழ், கீழே சிங்களம் என்று எழுதினால் முதல் சில வரிகளுக்குப் பிறகு பேஸ்புக் மடித்துவிடும். சிங்களம் கண்ணுக்கே வராது. இரண்டு தனிப் பதிவுகளே நல்லது.

இந்த முதல் வீடியோவைப் பக்கத்தின் உச்சியில் பொருத்துங்கள். அடுத்தவற்றுக்கு விஷயம் தேட வேண்டாம், கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளே விஷயம்: "கரண்ட் போனா?" "இன்டர்நெட் இல்லாட்டி பில் வருமா?" "பில் போடுற பிள்ள நின்னுட்டா வேற ஆள் பழகுறதுக்கு எத்தனை நாள்?" "நான் இல்லாத நேரம் பில்ல அழிச்சா தெரியுமா?" ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி. கரண்ட் கேள்விக்குப் பிளக்கைக் கழற்றியே காட்டுங்கள், யூ.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் தெரிய எடுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும்.

எப்போது போடுவது

10ஆம் திகதியிலிருந்து நாலைந்து நாள் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நாட்களில் எது போட்டாலும் வீண். 5 முதல் 8 வரை, கொப்பி புரட்டும் வேளையில், கடன் கணக்கு வீடியோ. 16க்குப் பிறகு, களைப்பு நினைவிலிருக்கும்போதே, நேரில் காட்டக் கேட்பது. தீபாவளிக்கு முந்திய மாதம் புதிய சிஸ்டம் போட யாரும் துணியமாட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகப் பேசி முடியுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்துக்கான தங்கறை மென்பொருள் என்றால் ஜனவரியிலேயே. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பொயாவில் தொடங்கி வெசாக் வரை போகும். நல்லதண்ணிக் கடைகளுக்கு நவம்பருக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

கடும் மழையும் மண்சரிவு எச்சரிக்கையும் உள்ள நாட்களில், நேரம் குறித்துவைத்த பதிவுகளையும் விளம்பரங்களையும் நிறுத்திவையுங்கள். ஆட்கள் வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும்போது தள்ளுபடி அறிவிப்பு போவது மன்னிக்க முடியாத தவறு.

காசு கொடுத்து விளம்பரம்

உச்சியில் ஒரு வீடியோவும் கீழே ஐந்தாறு பதிவுகளும் சேரும் வரை விளம்பரத்துக்குச் செலவழிக்காதீர்கள். வருபவர் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அதன் பிறகு நாளைக்கு 1,000 ரூபாய் வீதம் 5 நாள் என்று தொடங்கலாம்.

பேஸ்புக்கின் விளம்பர முகாமையாளர் (ஆட்ஸ் மனேஜர்) பகுதியில் நோக்கமாக ஈடுபாட்டைத் தேர்ந்து, செய்தி வந்து சேரும் இடமாக வட்ஸ்அப்பை வையுங்கள். இடத்தைத் தெரிவு செய்யும்போதுதான் காசு ஓடிப்போகும். முதலில் "இலங்கை" என்றிருப்பதை நீக்குங்கள். பிறகு வட்டம். மலைநாட்டில் வட்டம் ஏமாற்றும்: ஹட்டனை மையமாக வைத்து 40 கி.மீ. போட்டால் மலைக்கு அப்பாலுள்ள இரத்தினபுரியும் உள்ளே வந்துவிடும். நேர்கோட்டில் பக்கம், பாதையில் பல மணிநேரம். பிரின்டர் சிக்கிக்கொண்டது என்று அங்கிருந்து போன் வந்தால் போய்ச் சேர முடியுமா? ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலாக ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று ஒவ்வொரு டவுனிலும் ஊசி குத்தி, சிறு வட்டங்கள் போடுங்கள். நீங்கள் ஒரே நாளில் போய் வரக்கூடிய ஊர்கள் மட்டும்.

மொழிப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். "தமிழ்" என்று போட்டால், பேஸ்புக்கைத் தமிழில் அமைத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். நம்மவர்களில் நிறையப் பேர் தமிழில் பேசி ஆங்கில அமைப்பில் பயன்படுத்துகிறவர்கள். உங்கள் வீடியோவின் மொழியே ஆட்களைப் பிரித்துவிடும்.

குறித்த மணிகளில் மட்டும் ஓட வேண்டுமென்றால் நாளாந்தத் தொகைக்குப் பதிலாக மொத்தத் தொகை முறையைத் தெரிவு செய்ய வேண்டும். அதில்தான் நேர அட்டவணை கிடைக்கும். பிற்பகல் 2 முதல் 4 வரையும், இரவு 8 முதல் 10 வரையும் கடைக்காரர் போனைப் பார்க்கும் நேரம். ஓடத் தொடங்கிய பிறகு தினமும் நோண்டாதீர்கள், பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம், யாருக்குக் காட்டுவது என்பதைப் பேஸ்புக் புதிதாகக் கற்கத் தொடங்கும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் விளம்பரம் நடுவில் நின்றுவிடும். கணக்குக்கு ஒரு செலவு உச்சவரம்பும் போட்டு வையுங்கள்.

பதில் சொல்லும் விதம்

காசெல்லாம் செலவழித்து வரவைத்த செய்திக்கு மறுநாள் பதில் போடுகிறவர்கள் ஏராளம். கடை திறந்திருக்கும் நேரத்தில் 10 நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். முதல் பதில் இவ்வளவுதான்: "வணக்கம் முதலாளி. கடை எந்த டவுன்? ஒரு நாளைக்கு எத்தனை பில் வரும்? எங்களை எங்க பார்த்தீங்க?" மூன்று கேள்விக்கும் காரணம் உண்டு: போய்வர முடியுமா, எந்த அளவு சிஸ்டம், எந்த விளம்பரம் வேலை செய்கிறது. குரல் செய்தி அனுப்புகிறவருக்குக் குரலிலேயே பதில் சொல்லுங்கள், 30 விநாடிக்குள்.

"விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விலையை மறைத்தால், ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்றே கடைக்காரர் நினைப்பார். மென்பொருள் இவ்வளவு, மாதக் கட்டணம் இவ்வளவு, பிரின்டர் தனி, பொருட்களை ஏற்றித் தருவது உள்ளே, பழக்கித் தர இரண்டு நாள் என்று ஐந்து வரியில் வெளிப்படையாகப் போடுங்கள். அதனால் சிலர் வராமல் போவார்கள். அவர்கள் எப்படியும் வாங்கப்போவதில்லை.

அடுத்தது காட்டுவது. வட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரலாம், கடை சாத்திய பிறகு 15 நிமிடம். அதற்கு முன் அவர் கடையின் ஒரு தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள 10 சாமான்களை ஏற்றிவைத்து, கடையின் பெயர் தலைப்பில் வர பில் போட்டுக் காட்டுங்கள். தன் கடைப் பெயரைத் தமிழ் பில்லில் பார்க்கும்போது முகம் மலரும். பேரம் அதற்குப் பிறகுதான்.

பிழை நேரும் இடங்கள்

வட்ஸ்அப்பில் தெரியாத நம்பர்களைச் சேர்த்து விளம்பரம் தள்ளினால், பலர் முறையிட்டதும் நம்பர் முடங்கும். கூடவே வாங்கியவர்களின் தொடர்பும் போகும். ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். அதனால் சிஸ்டம் போட்டு முடிந்த அன்றே, அவர் போனை வாங்கி உங்கள் பெயரை "பில்லிங் சிஸ்டம்" என்ற சொல்லோடு சேமித்துக் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் நம்பர் கேட்கும்போதும் தேடி எடுக்க அதுவே உதவும்.

பேஸ்புக் ஊர்க் குழுக்களில் ஒரே பதிவைப் பத்து இடத்தில் பத்து நிமிடத்தில் ஒட்டினால் குப்பை என்று தடுத்துவிடும். நாளைக்கு ஒரு குழு, நிர்வாகியிடம் கேட்டுவிட்டு. "உங்கள் பக்கம் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்திகள் கடவுச்சொல் திருடும் வலை, அழுத்தவே வேண்டாம். லைக் விலைக்கு வாங்குவதும் கெடுதல். அந்த ஆட்கள் எதற்கும் அசையமாட்டார்கள், பேஸ்புக் உங்கள் பதிவை மற்றவர்களுக்குக் காட்டுவதையும் குறைத்துவிடும்.

வாங்கியவர் பேசும் வீடியோ பெரிய பலம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். "முன்னாடி எப்படிக் கூட்டுனீங்க?" என்று மட்டும் கேளுங்கள். தன் வியாபாரம் எவ்வளவு என்று ஊருக்குத் தெரிவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார், ஆகவே திரை தெரியாத பக்கமாக நிறுத்தி எடுங்கள்.

டிக்டொக்கில் அதே வீடியோவைப் போடலாம், தனியாக மெனக்கெட வேண்டாம். யூடியூப் வேறு வேலைக்கு: வாங்கியவர்களுக்கு "புதுச் சாமான் சேர்ப்பது", "பேப்பர் ரோல் மாற்றுவது" என்று சிறு விளக்கங்களை அங்கே வைத்துவிட்டால் இரவு நேரப் போன்கள் குறையும்.

ஒரு கொப்பியில் ஆறு நிரல் கோடு போடுங்கள்: திகதி, டவுன், எங்கே பார்த்தார், காட்டியதா, வாங்கினாரா, வாங்காததற்குக் காரணம். மூன்று மாதம் கழித்து மூன்றாவது நிரலைப் பாருங்கள். "பக்கத்துக் கடை" என்று அதிகம் வந்திருந்தால், அடுத்த மாத விளம்பரப் பணத்தில் பாதியை எடுத்து, ஏற்கெனவே வாங்கிய கடைகளின் பில் அடியில் உங்கள் நம்பரைப் போடுவதற்கு ஈடாக அவர்களுக்கு இலவச பேப்பர் ரோல் கொடுங்கள்.